அடியில் வாழும் மீன் அழுக்குத் தின்னி அல்ல!

மீசைக்காரக் கோரிக்கு வேண்டியது மென்மணலும் தனி ஆகாரமும் நாலு துணையும்

வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே பச்சைப் பசேலென்று செடிகள். அவற்றின் இடையே வண்ண மீன்கள் வளைய வருகின்றன. ரம்மியமான காட்சிதான். ஆனால், கொஞ்சம் குனிந்து தொட்டியின் அடித்தளத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு அங்குல நீளத்தில் ஒரு மீன், மூக்கைத் தரையில் உரசிக்கொண்டு எதையோ தேடித் திரிகிறது. மேலே நீந்தும் மீன்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைப்பதில்லை.

அந்த மீன் வீட்டுக்கு வந்த கதை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. தொட்டி வாங்கச் சென்றவரிடம் கடைக்காரர் சொல்வார்: “இதையும் ரெண்டு போட்டுக்குங்க, சார். மிச்சம் மீதி, அழுக்கு எல்லாத்தையும் இது தின்னுடும். தொட்டி தானா சுத்தமாயிடும்!”

யாருக்குத்தான் சம்பளமில்லாத வேலையாள் கசக்கும்? இரண்டு வாங்கி வந்து விடுகிறோம். இரண்டு மாதம் கழிவதற்குள் வயிறு ஒட்டுகிறது, மீசை தேய்கிறது, ஒரு நாள் காலையில் செடி மறைவில் செத்துக் கிடக்கிறது. “அதன் ஆயுள் அவ்வளவுதான்” என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வேறு இரண்டு வாங்கி வருகிறோம்.

உண்மையில் அதன் ஆயுள் அவ்வளவு அல்ல. ஒழுங்காகப் பேணினால் 10 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடிய ஜீவன் அது! அற்பாயுளில் அது மடிவதற்கு முக்கிய காரணங்கள் இரண்டு. ஒன்று பசி, மற்றொன்று அசுத்தமான தரை.

யார் இந்த மீசைக்காரர்?

கடைகளில் “கோரி” என்று செல்லமாக அழைக்கப்படும் இந்த மீனின் முழுப் பெயர் கோரிடோராஸ். நம் ஊர்க் கெளுத்திக்குத் தூரத்து உறவு. சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்குள்ள ஆறுகளிலும் ஓடைகளிலும் மணற்பாங்கான தரையில் கூட்டம் கூட்டமாக மேய்கிறது.

1803-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லசெப்பேட் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். கிரேக்க மொழியில் தலைக்கவசத்தையும் தோலையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்து அமைந்த பெயர் இது. பொருத்தமான பெயர்தான். இதன் உடம்பில் மற்ற மீன்களைப் போலச் செதில் கிடையாது. இரு பக்கமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கவசம் பூண்ட வீரன்!

பரிணாம தத்துவத்தை உலகுக்குச் சொன்ன சார்லஸ் டார்வினுக்கும் இந்த மீனுக்கும் சம்பந்தம் உண்டு. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் அவர் பிரயாணம் செய்தபோது தென் அமெரிக்காவில் சேகரித்த மீன்களில் ஒன்று, இன்று கடைகளில் விற்கும் “பெப்பர் கோரி”. 1842-ல் ஜெனின்ஸ் என்பவர் அதை விவரித்து எழுதினார். கோரிடோராஸ் என்ற ஒரே பெயரில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் அடங்கியிருந்தன. 2024-ல் விஞ்ஞானிகள் அவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்து விட்டார்கள். புத்தகத்தில் பெயர் மாறினாலும் கடையில் எல்லாம் “கோரி”தான். அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பெயர்போன சென்னைக் கொளத்தூரில் போய்க் கேட்டாலும் அதே பெயர்தான்.

மீசை அழகுக்காக அல்ல

கோரியின் வாயைச் சுற்றிச் சிறு மீசைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை தொட்டு அறியும் விரல்கள். சுவைத்து அறியும் நாக்கும்கூட. மணலுக்குள் புதைந்திருக்கும் புழுவை இந்த மீசைதான் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. பிறகு மீன் தன் முகத்தை மணலில் நுழைத்து, ஒரு வாய் மணலை அள்ளி, உணவை மட்டும் நிறுத்திக்கொண்டு, மணலைச் செவுள் வழியாக வெளியே விட்டு விடுகிறது. முறத்தில் அரிசி புடைப்பதைப் போன்ற வேலை! நம் ஊர் அயிரை மீனும் மணலைச் சலித்தே இரை தேடுகிறது.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். நமக்குச் சாப்பாட்டு இலை எப்படியோ, அப்படித்தான் கோரிக்குத் தொட்டியின் தரை. குப்பை படிந்த இலையில் யாராவது சாப்பாடு போடுவார்களா?

எந்த மணல் நல்லது?

கூரிய விளிம்புள்ள சரளைக் கற்களில் கோரி தன் சுபாவப்படி மேய முடியாது. கல்லின் இடுக்கில் எச்சமும் மிச்ச உணவும் தங்கி அழுகும். அதில் பெருகும் கிருமிகள் மீசையை அரித்து விடும். கூரான கல் கிழித்தால் புண் சீக்கிரம் சீழ் பிடிக்கும். மீசை அடியோடு போய்விட்டால் மீன் உணவைத் தேடக் கஷ்டப்படும்.

ஆகவே, உருண்டு தேய்ந்த மென்மையான மணலே உத்தமம். கையில் அள்ளித் தேய்த்துப் பாருங்கள். உறுத்தக் கூடாது. கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் உதவாது. அது கல்லை உடைத்துச் செய்தது, விளிம்பு கூராக இருக்கும். கடற்கரை மணலும் வேண்டாம்; அதிலுள்ள கிளிஞ்சல் தூள் தண்ணீரைக் கடினமாக்கும். வாங்கிய மணலை, அரிசி களைவது போல, தெளிந்த நீர் வரும் வரையில் கழுவுங்கள். முன்புறம் ஒரு அங்குலம், செடி நடும் பின்புறம் இரண்டு அங்குலம் இருந்தால் போதும்.

வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது ரப்பர் குழாயின் நுனியை மணலுக்குச் சற்று மேலே பிடித்து, படிந்த கசடை உறிஞ்சி எடுத்து விட வேண்டும். இந்தத் துப்புரவு வேலை நம்முடையது, மீனுடையது அல்ல!

எச்சம் ஆகாரமாகுமா?

ஆகாது. எந்தக் கோரியும் மற்ற மீனின் எச்சத்தைத் தின்று உயிர் வாழ்வதில்லை. கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பதும் அதன் வழக்கமல்ல. புழு, பூச்சி, சிறு நத்தை போன்ற உயிருணவில் பழகிய வயிறு அதற்கு.

மேலே தூவும் தீனியில் மிச்சம் விழும் என்று நம்பியிருப்பதும் தவறு. மேல்தட்டு மீன்கள் சாமர்த்தியசாலிகள். பெரும்பகுதியைப் பாதி வழியிலேயே பறித்துக்கொள்ளும். ஆகவே அடியில் மூழ்கும் வில்லை அல்லது குருணைத் தீனியைத் தனியாகப் போட வேண்டும். அதைப் போட நல்ல நேரம் இரவு, விளக்கை அணைத்த பிறகு. அப்போது மேல் மீன்கள் அடங்கிவிடும். கோரிகள் சுறுசுறுப்பாக மேயத் தொடங்கும்.

வாரத்தில் இரண்டொரு நாள் உறைய வைத்த இரத்தப் புழுவைக் கொடுக்கலாம். சாக்கடை ஓரங்களில் அள்ளப்படும் சிவப்பு நூல் புழுவை மாத்திரம் கழுவாமல் போடாதீர்கள். அதனுடன் நோயும் சேர்ந்து வரும். அளவிலும் ஜாக்கிரதை வேண்டும். காலையில் தரையில் தீனி மிச்சம் கிடந்தால் அளவு அதிகம் என்று பொருள். அதை எடுத்து விட்டு, மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். நன்றாக உண்ட கோரியின் வயிறு மெல்ல உருண்டிருக்கும். பட்டினி கிடக்கும் கோரியின் வயிறு உள்வாங்கியிருக்கும்.

குடலால் சுவாசிக்கும் விந்தை

கோரி திடீரென்று அம்பு போல மேலே பாய்ந்து, தண்ணீர் மட்டத்தில் ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு மறுகணம் கீழே இறங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? அது விளையாட்டல்ல. விழுங்கிய காற்றிலுள்ள பிராணவாயுவை அதன் குடல் உறிஞ்சிக்கொள்கிறது! செவுளோடு குடலாலும் சுவாசிக்கும் வித்தை இதற்குத் தெரியும். ஓடை நீரில் பிராணவாயு குறையும்போது உயிரைக் காக்க இயற்கை அளித்த வரம் இது.

ஆகவே, மேலே செல்லும் வழி திறந்திருக்க வேண்டும். மிதக்கும் செடிகள் தண்ணீர் மட்டம் முழுவதையும் மூடக் கூடாது. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓரிரு அங்குலம் இடைவெளி விடுங்கள். எப்போதாவது ஒரு தடவை பாய்வது சகஜம். ஆனால் கூட்டத்தில் உள்ள எல்லா மீன்களும் ஓயாமல் மேலும் கீழும் பாய்ந்தால் தண்ணீரில் கோளாறு என்று அர்த்தம்.

செடிகள் செய்யும் உதவி; செய்யும் உபத்திரவம்

நீர்ச் செடிகள் கோரிக்கு நல்ல துணை. நிழல் தருகின்றன, மறைவிடம் தருகின்றன, மீன் கழிவில் உள்ள அம்மோனியாவை உரமாக உறிஞ்சுகின்றன. வெளிச்சத்தில் பிராணவாயுவை வெளியிடுகின்றன.

இரவில் கதை வேறு. விளக்கு அணைந்ததும் செடிகளும் மீனைப் போலவே பிராணவாயுவைச் செலவழிக்கத் தொடங்கும். அதனால் விடியற்காலையில்தான் தொட்டியில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். செடி நிறைந்த தொட்டிக்குக் காற்றுப் பம்பு வேண்டாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செடி செழிக்கக் கரியமில வாயு செலுத்துகிறவர்கள் விளக்கு அணைவதற்கு முன்பே அதை நிறுத்தி விடுவது நல்லது. செடிக்கு விருந்து மீனுக்கு மூச்சுத் திணறலாகிவிடக் கூடாது.

கோரிகள் தரையைக் கிளறும் பழக்கம் உடையவை. புதிதாக நட்ட மெல்லிய செடி காலையில் மேலே மிதக்கலாம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவற்றைக் கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. வேரூன்றும் வகையில் கிரிப்டோகோரின் சிறந்தது. இது நமக்கு அந்நியச் செடி அல்ல. இதன் சில வகைகள் தென்னிந்திய ஓடைகளிலும் இலங்கை ஓடைகளிலும் இயற்கையாக வளர்கின்றன. நட்ட பிறகு தூரைச் சுற்றி வழவழப்பான கூழாங்கற்களை வைத்தால் வேர் பிடிக்கும் வரையில் காவலாக இருக்கும்.

செடிக்கென்று விற்கும் மண் போடுவதானால் பின்புறம் மட்டும் போட்டு, ஒரு வரிசைக் கல் அடுக்கித் தடுத்து, முன்புறத்தை மணலாகவே விட்டு விடுங்கள். அத்தகைய மண்ணில் சில வகைகள் முதல் சில வாரங்களில் அம்மோனியாவைக் கசிய விடும். அதற்குள் மீனை விட்டால் ஆபத்து.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுவது நம்மவர் அவசரம். மீன் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா ஒரு விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்ற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை வடிகட்டியிலும் மணலிலும் குடியேற ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நைட்ரைட்டும் லேசானதல்ல, மீனின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்து விடும். தண்ணீர் பளிங்கு போலத் தெளிந்திருக்கலாம்; ஆனாலும் அதில் விஷம் இருக்கலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனைப் பெட்டி காட்டிய பிறகே கோரியை விட வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் குளோரின் மீனின் செவுளையும் கெடுக்கும். அந்த நுண்ணுயிர்களையும் கொல்லும். ஒரு நாள் முழுவதும் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைக்கலாம். அல்லது கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியை அளவாகக் கலக்கலாம். வாரம் ஒரு முறை நான்கில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். இல்லாவிட்டால் வாரக்கணக்கில் வளர்த்த நுண்ணுயிர்கள் ஒரே நிமிஷத்தில் போய்விடும்.

சித்திரை வெயிலைத் தாங்குமா?

வகையைப் பார்த்து வாங்கினால் தாங்கும். டார்வின் கண்ட பெப்பர் கோரி குளிர்ச்சியை விரும்புவது. 18 முதல் 23 டிகிரி செல்சியஸ் அதற்கு இதம். பாண்டா கோரிக்கும் 25 டிகிரிக்குமேல் ஆகாது. சென்னை, மதுரை, திருச்சி போன்ற வெப்பமான ஊர்களில் கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அங்கே இவற்றை வாங்குவது மீனுக்குச் செய்யும் துரோகம். ஊட்டி, கொடைக்கானல்வாசிகள் வேண்டுமானால் ஆசைப்படலாம்.

சமவெளிக்கு ஏற்றவை வெண்கலக் கோரியும், பிரேசில்–பொலிவியா எல்லையிலுள்ள குவாப்போரே நதியைச் சேர்ந்த ஸ்டெர்பாய் கோரியும். ஸ்டெர்பாய் 28 டிகிரி வரையில் சுகமாக இருக்கும். இளஞ்சிவப்புக் கண்ணுடன் வெள்ளையாக விற்கப்படும் கோரி, பெரும்பாலும் வெண்கலக் கோரியின் நிறமற்ற ரகம்தான்.

எதுவாயினும், கடுங்கோடையில் மூடியைத் திறந்து வலை போட்டு, தண்ணீர் மட்டத்தில் ஒரு சிறிய விசிறியின் காற்று படும்படி வையுங்கள். ஆவியாவதால் இரண்டொரு டிகிரி குறையும். சூடேறிய நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். ஆகவே காற்றுப் பம்பு அவசியம். மின்சாரம் நின்றாலும் ஓடும் பேட்டரிப் பம்பு ஒன்று கைவசம் இருந்தால் நிம்மதி.

ஒற்றை மீன் வேண்டாம்

கோரி தனிமையில் ஒடுங்கி, மூலையில் பதுங்கி விடும். ஒரே வகையில் 6 மீன்களாவது இருந்தால் கூச்சம் தெளிந்து பகலிலும் கூட்டமாக உலாவும். வகைக்கு ஒன்றாக ஆறு வாங்குவது கூட்டமாகாது! தொட்டியின் உயரத்தைவிடத் தரையின் பரப்புதான் முக்கியம். 2 அடி நீளம், 1 அடி அகலம் உள்ள தொட்டி, ஆறு வெண்கலக் கோரிகளுக்குக் குறைந்தபட்ச இடம். மூன்றடியானால் இன்னும் நல்லது. கூட இருக்கச் சிறிய டெட்ரா, ரஸ்போரா போன்ற சாதுக்களே ஏற்றவை. பெரிய சிக்ளிட் மீன்கள் வேண்டாம். கோரியை விழுங்க முயன்றால் அதன் விறைத்த முள் தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகலாம்.

கெளுத்தி முள் குத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த முள்ளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கோரியும் பயந்தால் முதுகு முள்ளையும் பக்க முட்களையும் விறைத்துக்கொள்ளும். வலையில் சிக்கினால் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு டம்ளரிலோ பெட்டியிலோ தண்ணீரோடு முகப்பதே நல்லது.

எச்சரிக்கை அறிகுறிகள்

வாங்கும்போதே மீசை முழுமையாக இருக்கிறதா, வயிறு ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் மீசை குட்டையானாலும், வயிற்றில் சிவப்புத் திட்டு தோன்றினாலும், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு வேகமாக மூச்சு வாங்கினாலும் தாமதிக்காதீர்கள். முதல் மருந்து சுத்தமான தண்ணீர். மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள், தரையைச் சுத்தம் செய்யுங்கள், தண்ணீரைச் சோதியுங்கள். எந்த நோய்க்கும் ஒரு பிடி கல்லுப்பைப் போடும் வழக்கம் கோரித் தொட்டியில் வேண்டாம். அதிக உப்பு மீனுக்கும் ஒவ்வாது, செடியையும் கருக்கும். செம்பு கலந்த மருந்துகளும் ஆபத்தானவை. கண்ணைக் கீழே உருட்டி அது “கண் சிமிட்டுவது” மட்டும் நோயல்ல, அதன் சுபாவம்!

இன்னொரு விஷயம். “தொட்டி சுத்தம் செய்யும் மீன்” என்று விற்கப்படும் சக்கர் மீன் வேறு, கோரி வேறு. சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளர்ந்து தொட்டியை அடைத்துக்கொள்ளும். அப்போது அதை ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அப்படி விடப்பட்டவை தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலையையும் நாட்டு மீன்களையும் பாழாக்குகின்றன. தொட்டி மீன் எதுவானாலும் ஏரி, குளத்தில் விடாதீர்கள்; வேண்டாமென்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்து விடுங்கள்.

மழை வந்தது என்று நினைத்து...

நன்றாகப் பேணப்பட்ட கோரி ஒரு நாள் பரிசு தரும். ஓரிரு டிகிரி குளிர்ந்த தண்ணீரை மாற்றி ஊற்றியதும், மழைக்காலம் வந்து விட்டதாக எண்ணி அவை குதூகலிக்கும். பெண் மீன் வயிற்றுத் துடுப்புகளுக்கு இடையே முட்டைகளை ஏந்திக்கொண்டு போய், கண்ணாடியிலும் செடியின் இலையிலும் ஒட்டி வைக்கும். சில நாட்களில் கடுகளவு குஞ்சுகள் பிறக்கும். பெற்றோரே முட்டையைத் தின்று விடுவதுண்டு. குஞ்சு வேண்டுமானால் முட்டையைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

பட்டினி கிடக்கும் மீன் முட்டையிடுமா? இலையில் ஒட்டிய அந்த முத்துக்களைவிட, உங்கள் தொட்டியின் தரை சுத்தமாக இருக்கிறது என்பதற்கு நல்ல அத்தாட்சி வேறில்லை.

இன்றிரவு விளக்கை அணைத்ததும் ஒரு வில்லைத் தீனியை அடியில் போட்டு, ஐந்து நிமிஷம் காத்திருந்து பாருங்கள். நாலா புறமிருந்தும் மீசைகள் கூடி வரும். உங்கள் வீட்டுக் கோரி இத்தனை நாளும் வயிறாரச் சாப்பிட்டதா இல்லையா என்பதை, அவை பாய்ந்து வரும் வேகமே சொல்லிவிடும்.